பதினொரு மார்க் டாக்டர்

குழந்தை டாக்டருக்கு அந்த மாதம் பதினொரு மார்க் கிடைத்தது. நூற்றுக்குத்தான்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கி மருத்துவக் கல்லூரி வரை தொண்ணூறுக்குக் கீழே இறங்கியே பழக்கமில்லாத மனுஷர். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பதினொன்றை எப்படித் திருப்பினாலும் பதினொன்றுதான் என்பது நாற்பத்திரண்டாவது வயதில் அவருக்குத் தெரியவந்தது.

"போன மாசம் எவ்வளவு சிஸ்டர்?"

"பதினெட்டு, டாக்டர்."

"அப்போ இறங்கியிருக்கோம்."

"இறங்கறதுக்கு இன்னும் பதினொண்ணு பாக்கி இருக்கு. இப்பவே ஏன் கவலைப்படறீங்க?" என்றார் பெரிய சிஸ்டர்.

அவர் குழந்தைகள் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். அழுகிற குழந்தையைச் சமாளித்துவிடலாம், அழப் போகிற டாக்டரைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். மேஜையில் காப்பியை வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டார்.

மார்க் போட்டது எந்தப் பேராசிரியரும் இல்லை. வாசலில் நின்ற ஒரு திரை. புதிதாக வந்த நிர்வாகி ஒவ்வொரு டாக்டரின் அறை வாசலிலும் அப்படி ஒன்றை நட்டு வைத்திருந்தார். திரையில் மூன்று முகங்கள். பச்சை முகம் சிரிக்கும். மஞ்சள் முகம் சும்மா இருக்கும். சிவப்பு முகத்தில் வாய் கீழே வளைந்து, கண்ணோரம் ஒரு சொட்டு நிற்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதும் 'டொய்ங்' என்று சத்தம் வரும். முதலில் தொட்டதுதான் கணக்கு. நூறு பேரில் எத்தனை பேர் பச்சையைத் தொட்டார்களோ, அதுதான் மார்க். குழந்தைகள் பிரிவில் மட்டும் திரையைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் நிர்வாகி. அவர் அதற்கு முன் பத்து வருஷம் ஹோட்டல் நடத்தியவர். நோயாளி என்ற வார்த்தையே அவர் வாயில் வராது.

"நம்ம விருந்தாளிங்க சந்தோஷமா வெளிய போகணும் டாக்டர்," என்றார் முதல் கூட்டத்திலேயே.

"என் விருந்தாளிங்களுக்கு வெளிய போறதே சந்தோஷம்தான் சார். உள்ள வரத்தான் மாட்டாங்க," என்றார் குழந்தை டாக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் யாருக்குச் சிரிப்பு வரும்?

அறுபதுக்கு மேல் வாங்குகிற டாக்டருக்குச் சம்பள உயர்வு. குழந்தைகள் பிரிவின் தலைமை டாக்டர் ஓய்வு பெறப் போவதால், அந்த நாற்காலியும் கூடவே கிடைக்கும். தொடர்ந்து மூன்று மாதம் இருபதுக்குக் கீழே வாங்கினால் ஒப்பந்தம் அதோடு சரி. முதல் மாதம் பதினெட்டு, அடுத்த மாதம் பதினொன்று. மூன்றாவது மாதம் நேற்றுத்தான் தொடங்கியிருந்தது.

குழந்தை டாக்டர்களுக்குச் சம்பளம் கம்மி என்பது ஊரறிந்த ரகசியம். "பிள்ளைங்களுக்கு எடை பார்த்து மருந்து குடுக்கறோம். நமக்கும் பேஷண்ட்டோட எடை பார்த்துத்தான் சம்பளம் குடுக்கறாங்க போல," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பக்கத்துப் பிரிவில் இருதய டாக்டர் ஒரு காலையில் ஈட்டுவதை இவர் ஈட்ட ஒரு மாதம் சளி பார்க்க வேண்டும். அதிலும் பாதிப் பேரை, "மருந்தே வேண்டாம், தண்ணி குடுங்க, நல்லா தூங்க விடுங்க," என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அவரால் மருத்துவமனைக்கு வந்த வருமானம், அவருடைய நோயாளிகளைப் போலவே, இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

போன வருஷம் மருத்துவக் கல்லூரியில், குழந்தை மருத்துவத்துக்கு என்ன எதிர்காலம் என்று மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். கேட்க வந்தவர் ஒரே ஒருவர். அவரும் பாதியில் எழுந்து, "சாரி சார், தோல் மருத்துவம் இந்த ரூம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் பதினான்கு வருஷமாக அவர் சிரித்துக்கொண்டே தாங்கியதற்கு ஒரே காரணம்தான். குழந்தைகளுக்கு அவரைப் பிடிக்கும். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பதினொன்று குத்தியது சரியாக அந்த இடத்தில்.

அன்று ஐந்தாவது டோக்கன் ஏன்பாப்பா. வயது நாலரை. காதில் சீழ் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டுப் போகிறவள். வாயைத் திறந்தால் 'ஏன்' தவிர வேறு வராது என்பதால் சிஸ்டர் வைத்த பெயர் அது.

"ஏன் காதுக்குள்ள லைட் அடிக்கறீங்க?"

"உள்ள இருட்டா இருக்குல்ல?"

"ஏன் இருட்டா இருக்கு?"

"சன்னல் இல்லையே."

"ஏன் சன்னல் வைக்கல?"

"கட்டினவரைத்தான் கேக்கணும். அதோ நிக்கறாங்க உங்க அம்மா."

அம்மா சிரித்தாள். ஏன்பாப்பாவும் சிரித்தாள். அந்த அறையில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. அங்கே செருப்போடு கட்டிலில் ஏறலாம். ஸ்டெதஸ்கோப்பை வாங்கி டாக்டரின் நெஞ்சைச் சோதிக்கலாம். கத்தி அழலாம், சிஸ்டரை மட்டும் கடிக்கக் கூடாது. ஊசி போட்டதும் எந்தக் குழந்தையாவது வீறிட்டால், டாக்டர் தொப்பையனை எடுத்து அதன் மடியில் போடுவார். தொப்பையன் அவர் மனைவி தைத்த துணிப் பொம்மை. அவள் கணக்கு டீச்சர், தையல் கொஞ்சம் சுமார், வாயைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். "உனக்குப் போட்ட ஊசிக்கு இவன் அழறான் பாரு. கொஞ்சம் தடவிக் குடு. தடவிக் குடுக்காம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது," என்பார் டாக்டர். குழந்தை அதைக் கவனிக்கிற மும்முரத்தில் தன் அழுகையை விட்டுவிடும். இந்த மாதிரி வித்தைகள் அவரிடம் நிறைய.

ஏன்பாப்பா கிளம்பும்போது அவர் முழங்காலைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள். கதவு மூடியது. வெளியே 'டொய்ங்'.

"சிஸ்டர், என்ன கலர்?"

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "சிவப்பு."

"அவளுமா?"

"சும்மா தொட்டுட்டுப் போகல டாக்டர். கை வச்சுத் தேய்ச்சுட்டுப் போறா. எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான். நான் தினமும் பாக்கறேனே, தேய் தேய்னு தேய்க்குதுங்க."

"அவ்வளவு கோபமா என் மேல?" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "இப்பத்தானே முழங்காலைக் கட்டிப் பிடிச்சா? பச்சைத் துரோகம் சிஸ்டர் இது!"

"சிவப்பு, டாக்டர்."

"நீங்க வேற."

"நான் வேணா ஒரு பிள்ளைகிட்ட, ஏன் கண்ணு அதைத் தொட்டேன்னு கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்." அவர் சட்டென்று சொன்னார். "நாலு வயசுப் பிள்ளைகிட்டப் போய் மார்க் கேட்டு நிக்கற நிலைமைக்கு நான் இன்னும் வரல."

உண்மையில் அவருக்குப் பயம். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நாள் முழுக்கக் குழந்தைகளைக் கேட்கிற மனுஷருக்கு, இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தைரியம் வரவில்லை. குழந்தைகள் பொய் சொல்லாது. அதுதான் பிரச்சினை.

சாயங்காலம் வீட்டுக்கு மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன், பக்கத்துப் பிரிவின் இருதய டாக்டர். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு வாங்கல் அடங்குவதற்குள் மார்க் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பதினொண்ணாமே மாப்ள?"

"உங்களுக்கு எவ்வளவு மச்சான்?"

"தொண்ணூத்தாறு. என் பேஷண்ட் உயிரோட வெளிய வந்தாலே பச்சைதானே?"

"வராதவங்க?"

"அவங்க எங்க தொடப் போறாங்க?"

உள்ளே வாஷிங் மெஷின் துணியைச் சுழற்றிக்கொண்டே ஓரடி நகர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். டாக்டரின் மனைவி ஓடிப்போய் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அது நிற்கும் வரைக்கும் யாராவது உட்கார வேண்டும். சாப்பாட்டு மேஜையில் படித்துக்கொண்டிருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வீட்டில் அவளுக்குத் தனி அறை கிடையாது.

மச்சான் ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். "பால் பவுடர் கம்பெனி. தலைமை ஆலோசகர் வேலை. நான்தான் பேசி வச்சிருக்கேன். இப்ப வாங்கறதைப் போல ரெண்டு மடங்கு சம்பளம், கார் வேற. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடணும்."

"மச்சான், பதினாலு வருஷமா நான் தாய்மார்களுக்குச் சொல்றது என்ன? தாய்ப்பால் குடுங்க, அந்த டின்னைத் தூக்கிப் பரண்ல போடுங்கன்னு."

"அதனாலதான் ரெண்டு மடங்கு குடுக்கறாங்க. அதை நிறுத்தறதுக்கு."

"அங்க பிள்ளைங்க இருப்பாங்களா?"

"டின் மேல படமா இருப்பாங்க."

மச்சான் போனபின் மனைவி மெஷினிலிருந்து இறங்கி வந்தாள். "உங்க இஷ்டம்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. பெரிய நாற்காலி கிடைச்சா நல்லா இருக்கும். இல்லேன்னா இவளுக்கு ஒரு ரூம் எப்படின்னு யோசிக்கணும்."

"அப்பா, நானும் டாக்டராத்தான் ஆகப் போறேன்," என்றாள் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஆனா பெரியவங்களுக்கு."

மறுநாளே டாக்டர் களத்தில் இறங்கினார். ஒவ்வொரு குழந்தைக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கினால் பிடித்துப்போகும் என்பது முதல் திட்டம். ஏழு நிமிஷம் பதினைந்து நிமிஷமானது. கதை சொன்னார், கையில் மீசை வரைந்தார், தொப்பையனோடு விளையாட விட்டார். வெளியே வரிசை மாடிப்படி வரை நீண்டது. காத்திருந்த அப்பாக்கள் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்து, பிறகு சிஸ்டரைப் பார்த்தார்கள். முந்தின நாள் மார்க்கோடு தினமும் காலையில் நிர்வாகியிடமிருந்து ஒரு சீட்டு வரும். மறுநாள் சீட்டில் பத்து என்று இருந்தது.

"ஒண்ணு குறைஞ்சிருக்கு டாக்டர்."

"தெரியுது சிஸ்டர். எனக்கும் எண்ணத் தெரியும்."

அடுத்தது பலூன். ஆளுக்கொரு பலூன் கொடுத்தனுப்பினார். பதினொரு மணி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. நடைபாதையில் ஒரு வாண்டு பலூனைச் சுவரில் தேய்க்க, அது வெடிக்க, அந்தச் சத்தத்தில் மற்ற பலூன்காரர்கள் பயந்து தங்கள் பலூன்களைக் கட்டிப் பிடிக்க, அவையும் வரிசையாக வெடித்தன. பக்கத்து இருதயப் பிரிவு வாசலில் நாலு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே அழுத குழந்தைகளை எல்லாம் திரும்ப உள்ளே கூட்டிவந்து, தொப்பையனைக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்ப மதியமாகிவிட்டது.

போன் அடித்தது. மச்சான்.

"மாப்ள, ரொம்ப தேங்க்ஸ். நாலு ஈ.சி.ஜி. எடுத்தோம். நாளைக்கும் பலூன் உண்டா?"

அன்று ஏழு.

மூன்றாவது யோசனை சிஸ்டருடையது. திரையைப் பெரியவர்கள் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் குழந்தைகளுக்கு எட்டாது, அப்பா அம்மாதான் தொடுவார்கள், அவர்கள் பச்சையைத் தொடாமல் எங்கே போவார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நாலரை அடிக்குத் தூக்கி வைத்தார்கள். முதலில் வந்த மூன்று வயதுக்காரன் திரையை அண்ணாந்து பார்த்தான், எட்டிப் பார்த்தான், எட்டவில்லை என்றதும் தரையில் படுத்து உருண்டான். "நான்தான் தொடுவேன்!" அப்பா வேறு வழியில்லாமல் தூக்கிக் காட்டினார். டொய்ங். சிவப்பு. அவனைப் பார்த்து வரிசையில் நின்ற எல்லாக் குழந்தைகளும் தங்களைத் தூக்கச் சொல்லின. தூக்க மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றவர்கள், தாங்களே சிவப்பைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆறு. கூடவே நிர்வாகியிடமிருந்து ஒரு குறிப்பும் வந்தது. "நம் விருந்தாளிகளின் உயரத்தை மதிக்கவும்." திரை மறுபடி இரண்டரை அடிக்கு இறங்கியது.

அதற்கு மறுநாள்தான் அதிர்ஷ்டம் அடித்தது. அதாவது, அப்படித் தோன்றியது.

காலையில் முதல் டோக்கனே தொப்பையன் மேல் வாந்தி எடுத்துவிட்டது. சிஸ்டர் அவனை ஒரு பையில் கட்டி, "வீட்டுல துவைச்சுட்டு வாங்க," என்று டாக்டரின் மேஜைக்கடியில் வைத்துவிட்டார். டாக்டரின் சட்டையும் தப்பவில்லை. அவசரத்துக்கு எதிர்க்கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொண்டார். மஞ்சளில் பெரிய பெரிய ஊதாப் பூ. அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்து வந்தபோது மயக்க மருந்து டாக்டரே ஒரு நிமிஷம் தடுமாறினார்.

மறுநாள் சீட்டில் எழுபத்தொன்று என்று இருந்தது.

தொப்பையன் மொட்டைமாடிக் கொடியில் காதைப் பிடித்துக் கட்டப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தான். டாக்டர் அதே பூச்சட்டையை அலசி மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த சீட்டில் எழுபத்துநாலு.

"சட்டைதான் சிஸ்டர்!" டாக்டர் துள்ளினார். "பதினாலு வருஷம் வெள்ளைச் சட்டை போட்டு என் எதிர்காலத்தையே கெடுத்துக்கிட்டேன்!"

சாயங்காலமே போய் இன்னும் நாலு பூச்சட்டை வாங்கிவிட்டார். ஒன்றில் கிளி கூட இருந்தது. மனைவி அந்தச் சட்டைகளையும் பார்த்தாள், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு சரி என்றாள்.

அடுத்த நாள் கிளிச் சட்டையோடு வேலைக்குப் போனார். காய்ந்து முடிந்த தொப்பையனும் கூடவே போனான். மறுநாளும் அதே சட்டையோடு வந்தபோது சீட்டில் ஒன்பது.

"சட்டை அலுத்துப்போச்சோ என்னவோ," என்றார் சிஸ்டர்.

டாக்டர் குனிந்து கிளியைப் பார்த்தார். கிளியும் அவரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மாதக் கடைசி நெருங்கியது. கடைசி முயற்சியை மனைவி எடுத்தாள். "ஏங்க, பிள்ளைங்க உள்ள வரும்போதே பயந்துக்கிட்டுத்தானே வருது? அந்தக் கடுப்புதான் வெளிய போறப்ப காட்டுதோ என்னமோ. வெளிய உக்காந்திருக்கறப்பவே ஆளுக்கொரு தொப்பையன் குடுத்துப் பாருங்களேன். நான் தைச்சுத் தரேன்." பரீட்சைத் தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு நாளில் ஆறு பொம்மை தைத்தாள். பழைய தொப்பையனையே அளவு வைத்து வெட்டியதால் ஆறு வாயும் தலைகீழாகவே வந்தன. மகள் ஆறையும் சோபாவில் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "சம்பளக் கூட்டத்துக்கு வந்த மாதிரி இருக்காங்கப்பா," என்றாள்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. காத்திருக்கும் இடத்தில் ஓர் அழுகைச் சத்தம் இல்லை. எல்லாக் குழந்தைகளும் தொப்பையன்களை முறை வைத்து மடியில் வாங்கித் தட்டிக்கொண்டும் தடவிக்கொண்டும் உட்கார்ந்திருந்தன. ஊசிக்கு அமைதியாகக் கையை நீட்டின. போகும்போது டாக்டருக்கு முத்தம் பறக்கவிட்டன. அவர் பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை.

மறுநாள் சீட்டில் மூன்று. நூற்றுக்கு மூன்று.

"அதுலயும் ஒண்ணு நான் திரையைத் துடைக்கறப்போ கை பட்டது," என்றார் சிஸ்டர். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.

மாலை நாலு மணிக்கு நிர்வாகியே இறங்கி வந்தார். மாதக் கணக்கு இந்தத் தடவையும் இருபதைத் தொடவில்லை. அவர் கையில் ஒப்பந்தத்தின் கோப்பு. முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"டாக்டர், மூணு மார்க் வாங்கறது அவ்வளவு சுலபமில்ல. ஹோட்டல்ல ஒரு நாள் சாப்பாட்டுல கரப்பான்பூச்சி கிடந்தது, அன்னிக்கே எனக்கு முப்பது வந்தது. மெஷின் மேல சந்தேகப்பட்டு ஆளை வரவழைச்சுப் பார்த்தேன். மெஷின் நல்லா இருக்கு."

"நான்தான் நல்லா இல்லை சார்," என்றார் டாக்டர்.

அவர் மேஜை மேல் பால் பவுடர் கம்பெனியின் கவர் பிரிந்து கிடந்தது. பேனாவின் மூடியும் திறந்திருந்தது. அன்று அவர் பழைய வெள்ளைச் சட்டைக்கே திரும்பியிருந்தார்.

"சம்பளம் கம்மின்னு நான் போகல சார். அது பழகிப்போச்சு. பெரிய நாற்காலி இல்லேன்னாலும் பரவாயில்ல, சின்ன நாற்காலியிலதான் இத்தனை வருஷம் உக்காந்தேன். ஆனா பிள்ளைங்களுக்கே என்னைப் பிடிக்கலைன்னா, நான் இங்க யாருக்காக இருக்கணும்?"

நிர்வாகி கோப்பைப் புரட்டினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மார்க் மார்க்தானே.

"கடைசி டோக்கன் ஒண்ணு இருக்கு. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்," என்றார் டாக்டர்.

கடைசி டோக்கன் ஏன்பாப்பா. அம்மா காதுத் துளி மருந்துச் சீட்டை நீட்டினாள். ஏன்பாப்பா தானாகவே கட்டிலில் ஏறி உட்கார்ந்து காதைக் காட்டினாள். வெளியே ஆறு தொப்பையன்களையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நிர்வாகி சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"காது நல்லாயிடுச்சு. இனிமே நீ வர வேண்டாம்," என்றார் டாக்டர். லைட்டை அணைத்து மேஜையில் வைத்தார். "நானும் இனிமே இங்க வர மாட்டேன்."

"ஏன்?"

"வேற வேலைக்குப் போறேன்."

"ஏன்?"

"அங்க சம்பளம் ஜாஸ்தி."

"ஏன் ஜாஸ்தி?"

"அங்க பிள்ளைங்க கிடையாது."

ஏன்பாப்பாவிடம் அடுத்த 'ஏன்' வரவில்லை. கட்டிலிலிருந்து குதித்து, வழக்கம்போல் அவர் முழங்காலைக் கட்டிப் பிடித்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். கதவு திறந்தே இருந்தது.

டொய்ங்.

நிர்வாகி எட்டிப் பார்த்தார். சிவப்பு. டாக்டர் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்து, தாளில் தன் பெயருக்கு மேலே இருந்த புள்ளிக்கோட்டைத் தேடினார்.

அந்த அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ சார், தெரியாம தொட்டுட்டா. சின்னப் பிள்ளை, கலர் பார்த்து..."

"எனக்குக் கலர் தெரியும்!" என்றாள் ஏன்பாப்பா ரோஷமாக. "இது சிவப்பு." இன்னும் கையை எடுக்கவில்லை. தேய்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

நிர்வாகி வாசலுக்கு வந்து, மெதுவாகக் குனிந்து, அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். பத்து வருஷம் ஹோட்டல் நடத்தி, நாலு மாதமாக மருத்துவமனை நடத்தி, அவர் ஒரு விருந்தாளியிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"பாப்பா, டாக்டர் மாமா உன்னைத் திட்டினாரா?"

"இல்லையே."

"அவரை உனக்குப் பிடிக்காதா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"அப்புறம் ஏன் கண்ணு சிவப்பைத் தொட்டே?"

ஊரையே ஏன் ஏன் என்று கேட்டவளை முதல் தடவையாக ஒருவர் ஏன் என்று கேட்டார். உள்ளே பேனா புள்ளிக்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஏன்பாப்பா நிர்வாகியை, இது கூடத் தெரியாத ஆளா என்பதுபோல ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொப்பையன் மாதிரியே இதுவும் அழுதுட்டே இருக்குல்ல? தடவிக் குடுக்காம எப்படி வீட்டுக்குப் போறது?"